வைவிஃப் என்றொரு ஃபோல்டர்

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் மூன்று இயந்திரங்களுக்குத் தேர்வு நடத்துகிறேன். "தமிழும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும், உங்களை விட்டா ஆளில்லைங்" என்றார் எங்கள் முதலாளி தாமோதரன் சார். முதுகலைத் தமிழும் ஆறு மாதக் கணினி வகுப்பும் முடித்தவளை இரண்டு பக்கமும் அரைகுறை என்று சொல்ல இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகும் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன் என்பதால் வேலையை எழுதிவைக்கிறேன். கணினிக்குள் ஒரு கறுப்புத் திரை உண்டு. படம், பொத்தான் எதுவும் அதில் இல்லை. ஒரு வரியில் கட்டளை எழுதி என்டர் தட்டினால் செய்துவிடும். 'உறுதியாகத்தானா?' என்று கேட்காது. ஆயிரம் கோப்புகளை அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுத்த வரிக்குக் காத்திருக்கும். அந்தக் கட்டளைகளை இனி மனிதர்கள் எழுத வேண்டாமாம். நாம் தமிழில் கேட்டால் மொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் எழுதித் தருமாம். சரியாக எழுதுகின்றனவா என்று பார்ப்பது எங்கள் எட்டுப் பேர் கம்பெனியின் வேலை. நானூறு கேள்விகள், நானூறு விடைகள். இரண்டையும் போன வருடம் எழுதியவள் நான்.

தேறுகிற மாதிரியை, எங்களுக்கு இந்த வேலையைத் தந்த பெங்களூர்க்காரர்கள் நான்கு மருத்துவமனைகளில் ஸ்கேன் படங்களைச் சேமித்துவைக்கும் கணினிகளில் அமர்த்தப் போகிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் தமிழில் சொல்வார்கள், இது கட்டளை எழுதும். யாரும் இடையில் நின்று பார்க்கமாட்டார்கள்.

மாதிரிகளின் பெயர் ஏ, பி, சி. ஏ ஒரு வரிக் கட்டளைக்கு முன்னால் இரண்டு பத்தி பேசுகிறது. அதற்குப் பட்டிமன்றம் என்று பெயர் வைத்திருக்கிறேன். பி ஒரு சொல் கூடுதலாகச் சொல்வதில்லை. கண்டக்டர். சி இன்னும் பிடிபடவில்லை.

அலுவலகம் கிரைண்டர் ஷோரூமுக்கு மேலே இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஓட்டிக்காட்டும் கிரைண்டர்களின் உறுமலில் நாள் முழுக்க எங்கள் மேசைகள் லேசாக நடுங்கும். சரவணம்பட்டியில் அமைதியான தொழில்நுட்பச் சூழல் என்று எங்கள் இணையதளம் சொல்கிறது.

தண்ணீர் வந்தது. டிரம் நிறைத்தேன். எங்கள் தெருவில் ஒன்று விட்டு ஒரு நாள்.

ஜூன் 3, செவ்வாய்

முடிவுகளைச் சரிபார்ப்பது பர்வீன். என் பக்கத்து மேசை. என்னைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் வாழ்கிறவள்.

சோதனைக் கணினிகளைப் பராமரிப்பது வளவன். எதிர் மேசை. தென்காசிக்காரர். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்புகிற ஏற்பாடு அவருடையது. காலை பதினொரு மணிக்கு ஒரு ஆரஞ்சு உரிப்பார், தோலை ஒரே சுருளாக. யார் எதைச் சொன்னாலும் "நெசமாவா?" என்பார். மழை வருகிறது என்றாலும் நெசமாவா, டீ வந்துவிட்டது என்றாலும் நெசமாவா. முழுமைக்காகக் குறித்துவைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

ஜூன் 4, புதன்

நூற்றுக்குப் பட்டிமன்றம் 68. கண்டக்டர் 71. சி 94.

தாமோதரன் சார் கண்கலங்காத குறை. இந்தக் கம்பெனி தொடங்குவதற்கு முன் பன்னிரண்டு வருடம் பிளஸ் டூ ட்யூஷன் சென்டர் நடத்தியவர். அவர் அறையில் இன்னும் பழைய ஃபிளக்ஸ் ஒன்று மாட்டியிருக்கிறது. தபால்தலை அளவு முகங்களுக்குக் கீழே மதிப்பெண்கள்.

"பாத்தீங்களாங்? பையன் தொண்ணூத்தி நாலு!"

"சார், அது பையன் இல்லை."

"புள்ளைன்னே வெச்சுக்கங்."

சி-க்கு முதல் மாணவன் என்று பெயர் வைத்துவிட்டேன். விடையில் சந்தேகமோ தயக்கமோ கிடையாது. எல்லா முதல் மாணவர்களையும் போல எனக்கு இவனையும் பிடிக்கவில்லை. பொறாமையாக இருக்கலாம். நான் எப்போதும் நான்காவது.

ஜூன் 5, வியாழன்

முதல் மாணவன் ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு வினோதமான பெயர் வைத்திருந்தான். தலைவலி. சீக்கிரம் வந்து படுத்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

நேற்றைய தலைவலியின் விவரம்.

சில வேலைகளுக்குத் தற்காலிகமாக ஒரு ஃபோல்டர் திறந்து, கோப்புகளை அதில் போட்டு, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். பெயர் முக்கியமில்லை. உலகம் முழுக்க டெம்ப் என்று வைப்பார்கள். முதல் மாணவன் vyvif என்று வைத்தான். ஒரு முறை அல்ல, பதினோரு கேள்விகளில்.

"ஏய் உமையா, இது என்னடி வைவிஃப்?" என்று பர்வீன் அலுவலகம் கேட்கக் கத்தினாள்.

"தெரியாது."

"உனக்கே தெரியாதா? நீதானே இந்த வீட்டுக்கு நாட்டாமை."

தாமோதரன் சார் வந்து எட்டிப்பார்த்தார். "புது டூலா இருக்குமுங். அவனையே கேளுங்க." கேட்டாள். முதல் மாணவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. 'வேரியபிள் யீல்ட் வாலட்டைல் இன்டர்மீடியேட் ஃபைல்ஸ் என்பதன் சுருக்கம். தற்காலிகக் கோப்புகளுக்கு வல்லுநர்கள் பயன்படுத்தும் மரபு' என்றான்.

"பாத்தீங்களாங்! நமக்குத் தெரியாததைக்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கான்" என்று சார் அதை வெள்ளைப் பலகையில் சிவப்பு மையில் எழுதிவைத்தார். எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

எதிர் மேசையிலிருந்து, "நெசமாவா?" என்று ஒரு குரல்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லுநர்கள் பயன்படுத்தும் மரபு. உலகத்தில் அந்த மரபைப் பின்பற்றிய வல்லுநர் ஒருத்திதான்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். டிரம் நிறைத்தேன். தள்ளிப்போட இன்னும் ஏதாவது வேலை மிச்சமிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கில எழுத்தில் ammaa என்று அடித்து அம்மாவை வரவழைக்கிறவர்கள். நான் மட்டும் தமிழ்99. அதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு தமிழ் எழுத்து. பழகிவிட்டால் விசையைப் பார்க்கவே வேண்டாம். ஒரே ஆபத்து, தமிழுக்கு மாற்றாமல் ஆங்கிலத்திலேயே தட்டிக்கொண்டே போய்விடுவது. அம்மா என்று அடித்ததாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால் திரையில் akfkq என்று இருக்கும். இந்தப் பிழையைச் செய்யும் தகுதி எங்கள் அலுவலகத்தில் எனக்கு மட்டுமே உண்டு.

போன வருடம் விடைகள் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தற்காலிக ஃபோல்டருக்குப் பெயர் தேவைப்பட்டது. கை தானாக ஒரு தமிழ்ப் பெயரை அடித்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் vyvif என்று விழுந்தது. அடித்ததற்குக் காரணம் எரிச்சல். சம்பந்தப்பட்டவர் அன்று மிகச் சத்தமாக ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். அந்தப் பெயரில் ஃபோல்டர் திறந்து, குப்பையைப் போட்டு, கடைசி வரியில் மொத்தமாக அழிப்பது மனதுக்கு இதமாக இருந்தது.

முதல் முறை நடந்தது பிழை. மற்ற பத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

யாராலும் படிக்க முடியாது என்பது ஒரு வசதி. நல்லவேளை அந்தப் பெயரில் ழ இல்லை. ழ இருக்கும் விசை ஆங்கிலத்தில் சாய்கோடு, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆகிவிடும். ய இருந்தால் இன்னும் மோசம். அது ஒற்றை மேற்கோள்குறி. மேற்கோளைத் திறந்து மூடாமல் என்டர் தட்டினால் கறுப்புத் திரை பிழை என்று சொல்லாது. நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வரியில் ஒரு சின்ன > போட்டு, மீதியைச் சொல் என்று காத்திருக்கும். என் பெயரில் ய உண்டு. என் பெயரை நான் எந்தக் கட்டளையிலும் பயன்படுத்தியதில்லை.

இறுதிப் படியை ஒப்படைக்கும் முன் பதினோரு இடத்திலும் டெம்ப் என்று மாற்றினேன். பழைய படியைச் சுவடில்லாமல் அழித்தேன். கறுப்புத் திரை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதனிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

அப்படியானால் நான் யாருக்கும் காட்டாத பழைய படி, விடைகளோடு, முதல் மாணவனுக்கு எப்படிக் கிடைத்தது?

ஜூன் 9, திங்கள்

தாமோதரன் சார் அறையில் நடந்தது, நடந்தபடி:

"சார், போன வருசம் என் மெஷின்ல இருந்து முதல் படியை எடுத்தீங்களா?"

"எடுத்தனே. நீங்க அன்னிக்கு லீவு. சி கம்பெனிக்காரங்க சாம்பிளுக்கு நாலு கேள்வி கேட்டாங்க. பாவம், என்ன மாதிரிக் கேள்வி வரும்னே தெரியாம எப்புடித் தயாராவாங்க?"

"நாலுதான் அனுப்பினீங்களா?"

"முக்கியமானதை மட்டும் அனுப்பலாம்னுதானுங் பாத்தேன். எல்லாமே முக்கியமாத்தான் இருந்துச்சு. நீங்க எழுதுனதாச்சே."

"பதில் இல்லாமத்தானே?"

சார் என்னை ஏதோ கல்நெஞ்சக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பதில் குடுக்காம கேள்வியை மட்டும் குடுத்தா பையன் மனசு உடைஞ்சு போயிருமுங்."

தேர்வு நடத்துகிற கம்பெனியின் தலைவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளையும் விடைத்தாளையும் கூரியர் செய்திருக்கிறார். அதில் லஞ்சம் இல்லை, சூழ்ச்சி இல்லை, கருணை மட்டும். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"பெங்களூருக்குச் சொல்லணும் சார். இந்தத் தொண்ணூத்தி நாலுக்கு அர்த்தமே இல்லை."

அவர் முகம் மெல்ல மாறியது. புரிந்துவிட்டது, புரிந்ததைத் திருப்பிக் கொடுக்க வழி தேடுகிறார் என்று தெரிந்தது. "நான் அனுப்புனது பழசுங். நீங்கதான் அப்புறம் மாத்திட்டீங்களே. அது வேற, இது வேற. அந்தப் பேச்சை விட்டுருங்க உமையாள். எட்டுக் குடும்பமுங்."

கணக்கு சரிதான். மருத்துவமனைகளில் எத்தனை குடும்பம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அறிவியல் முறைப்படி நிரூபித்துவிடலாம் என்று நினைத்தேன். கேள்விகளில் ஐம்பதை எடுத்துச் சொற்களை மாற்றினேன்.

பழைய கேள்வி: 'பட்டியலில் உள்ள படங்களை ஒன்று விட்டு ஒன்றாக அழி.' மாற்றியது: 'பட்டியலில் உள்ள படங்களை ஒன்றுகூட விடாமல் நகலெடு.'

பட்டிமன்றம் நகலெடுப்பதன் அவசியம் பற்றி இரண்டு பத்தி பேசிவிட்டு நகலெடுத்தது. கண்டக்டர் நகலெடுத்தது. முதல் மாணவன் ஒன்று விட்டு ஒன்றாக அழித்தான். 'நீங்கள் கேட்டபடியே செய்துவிட்டேன்' என்றும் எழுதினான்.

ஐம்பதில் மற்ற இரண்டும் ஏறக்குறைய பழைய விகிதத்திலேயே நின்றன. முதல் மாணவன் ஐம்பதுக்குப் பதினெட்டு. பட்டியல், படம், ஒன்று, விட்டு என்று தெரிந்த சொற்கள் கண்ணில் பட்டதும் மனப்பாடம் செய்த விடையை மடமடவென்று ஒப்பித்துவிடுகிறான். என் கல்லூரியில் இப்படி மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் இப்போது பேராசிரியர்கள்.

சாரிடம் காட்டினேன். "கேள்வியைத் திருப்பிப் போட்டா எந்தப் பையனும் தடுமாறுவானுங். இது அவுட் ஆஃப் சிலபஸ்."

பெங்களூருக்கும் தனியாக அனுப்பினேன். சுசித்ரா மேடம் பதில் போட்டார். அவர்தான் மாதிரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர். புதிய கேள்விகள் கடினமாக இருக்கலாம். ஏற்கெனவே படித்து வைத்திருந்தது என்பதற்கு இது ஆதாரமில்லை, வேறு ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காட்டுங்கள் என்று. நியாயமான பெண்மணி. நியாயமானவர்களால்தான் தொல்லை.

வேறு ஏதாவது இருக்கிறது. வெள்ளைப் பலகையில் சிவப்பு மையில் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

பர்வீனின் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) போன மாதம் நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். இன்று சாப்பிடும்போது சொன்னாள். "டாக்டர் ரெண்டு வருசத்துக்கு முந்தின படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாருடி. பழசு இருக்கப்போய்த்தான் கட்டி வளரலைன்னு தெரிஞ்சுச்சு. இல்லேன்னா கிழிச்சுப் பாத்திருப்பாங்களாம். அத்தாவுக்கு என்ன வயசு இதெல்லாம் தாங்க?" சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

ஒன்று விட்டு ஒன்றாக என்றால் இரண்டில் ஒன்று. அவள் அத்தாவின் பழைய படம் ஒற்றைப்படை வரிசையில் இருக்குமா, இரட்டைப்படையிலா? என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. உருளைக்கிழங்கும் இல்லை.

மாலையில் வளவன் என் மேசைப் பக்கம் வந்தார். கேபிள் பார்க்க வந்தாராம்.

"உமையாள், நீங்க தமிழ் அடிக்கையில விசையையே பாக்க மாட்டிக்கீங்களே. அது என்ன விசைப்பலகைங்க?"

"எல்லாரும் அடிக்கிறதுதான்."

"நெசமாவா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"சும்மா கேட்டேன். நானும் படிக்கலாம்னு பாக்கேன்."

கேபிளில் எந்தக் கோளாறும் இல்லை. கேபிளைக் குனிந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார். பராமரிப்புப் பணியின் தரம் குறைந்துகொண்டே வருகிறது.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் வந்தது. டிரம் நிறையும் வரை பக்கத்தில் நின்று யோசித்தேன்.

பெயரைச் சொல்லாமல், 'அது நான் செய்த தட்டச்சுப் பிழை' என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாம். என்ன சொல்லை அடித்தீர்கள் என்று சுசித்ரா மேடம் கேட்பார். வேறு ஏதாவது சொல்லைச் சொல்லலாம் என்றால், விசைகள் பொய் சொல்லாது. ஐந்து விசைக்கு ஐந்து எழுத்து. அவற்றில் ஒரு பெயர்தான் வரும்.

நான் இருபத்தேழு வருடமாக யாரிடமும் எதையும் சொல்லாமல் வளர்ந்தவள். பிடித்த புத்தகத்துக்குக்கூட அட்டை போட்டுத்தான் பேருந்தில் படிப்பேன். இந்த நாட்குறிப்பிலேயே அந்தப் பெயரை அந்த இடத்தில் எழுதவில்லை. அதை ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, மேலதிகாரி முன்னிலையில், சம்பந்தப்பட்டவர் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருக்கையில் காட்ட வேண்டும். காட்டினால் சார் செய்ததும் வெளிவரும். எட்டுக் குடும்பத்தில் ஒன்று என்னுடையதும்தான்.

சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எங்கோ ஒரு மருத்துவர், பழைய படம் எங்கே என்பார். கம்ப்யூட்டரில் இல்லை என்பார்கள். அவ்வளவுதான்.

டிரம் நிறைந்து வழிந்து, வீட்டுக்காரம்மா கீழேயிருந்து, "மேல யாரு, மோட்டாருக்குக் கரண்டு சும்மாவா வருது?" என்று கத்திய பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பதினொரு மணிக்குக் கூட்டம். சுசித்ரா மேடம் திரையில், நாங்கள் நான்கு பேர் மேசையைச் சுற்றி. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வளவன் இன்று ஆரஞ்சு கொண்டுவரவில்லை.

சார் தொண்ணூற்று நாலைப் பற்றிப் பேசி முடித்தார். சுசித்ரா மேடம் என்னைப் பார்த்தார். "உமையாள், வேற ஏதாவது இருந்தா காட்டச் சொல்லியிருந்தேனே?"

"இருக்கு மேடம். சி பதினோரு இடத்துல வெச்ச அந்த ஃபோல்டர் பேரு."

"வைவிஃப்தானே? அது ஏதோ குருட்டாம்போக்குல வந்த எழுத்துகளா இருக்கலாமே?"

"இல்லை. போன வருசம் நான் எழுதின முதல் படியில, அதே பதினோரு விடையில, அதே பேரு இருந்துச்சு. அது ஒரு தமிழ்ப் பேரு. ஆங்கிலத்துல இருக்கும்போது தமிழ்99-ல அடிச்சுட்டேன். நம்ம ஆட்கள்ல அப்படி அடிக்கிறது நான் ஒருத்திதான். சி அதை வேற எங்கேயும் பாத்திருக்க முடியாது."

"அந்தப் படி இருக்கா?"

"அழிச்சுட்டேன்."

"அப்போ எப்படி நம்புறது?"

பர்வீன் என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து போய்ச் சுவரில் படம் காட்டும் கணினியின் முன் உட்கார்ந்தேன். தமிழுக்கு மாற்றினேன். "ஒவ்வொரு விசையா அடிக்கிறேன், பாருங்க" என்றேன்.

v. சுவரில் வ.

y. வள.

மறுபடி v. வளவ.

இந்த இடத்தில் பர்வீன் மூச்சை இழுத்தது கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. i. வளவன. கடைசி விசை f, அது புள்ளி. ஒரு புள்ளி வைக்க இவ்வளவு நேரம் நான் எடுத்துக்கொண்டதே இல்லை.

வளவன்.

சுவர் மிகவும் பெரியது.

"வளவன்..." என்று வாசித்தார் தாமோதரன் சார். "நம்ம வளவனா?"

நான் விசைப்பலகையில் g-க்கும் h-க்கும் நடுவில் இருக்கும் தூசியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"நான்தாங்க சொன்னேன்" என்றது எதிர்ப்பக்கக் குரல். "போன வருசம் டெஸ்ட் மெஷினை நான்தான் பாத்துக்கிட்டேன். அழிக்கப்போற ஃபோல்டருக்கு என் பேரையே வைங்க, தப்பா ஏதும் அழிஞ்சா என்னையத்தானே திட்டப்போறாங்கன்னு சொல்லுதேன், இவங்க அதை அப்படியே வச்சுட்டாங்க. விளையாட்டுக்குச் சொன்னது."

சுசித்ரா மேடம் சிரித்தார். "சரி, சரி. இது போதும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சாலும் இதை இட்டுக்கட்ட முடியாது. ஆனா உங்க முதல் படி அவங்க கைக்கு எப்படிப் போச்சு?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் பங்குக்கு இன்று போதுமான அளவு திறந்தாயிற்று.

சார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நானுங் மேடம். நான்தான் அனுப்பிச்சேன். இந்தப் புள்ளை இவ்வளவு பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லுது, நான் உக்காந்துட்டு இருந்தா நல்லா இருக்காதுங்." பாதிக் குரலில், "பசங்க நல்லா எழுதணும்னு ஒரு இதுலதான்..." என்று சேர்த்தார்.

கூட்டம் முடிந்ததும் பர்வீன் என்னைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அவர் சொன்னது நெஜமாடி?"

"அவர் சொன்னதுதான்."

"எனக்கென்னவோ அவருக்குப் பொய்யே வராதுன்னு நெனச்சேன்."

வருகிறது. வந்த வேகத்தைப் பார்த்தால் தயாராகவே வந்திருக்க வேண்டும். எப்போது தயாரானார், எந்தக் கேபிளைப் பார்க்க வந்த நாளில் என்று நான் யோசிக்கப் போவதில்லை. நன்றியும் சொல்லவில்லை. பொய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று நான் படித்த எதிலும் இல்லை.

ஜூன் 14, சனி

தண்ணீர் வந்தது. நாள் முழுக்க எதையும் படிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

முதல் மாணவன் நீக்கப்பட்டான். மற்ற இரண்டுக்கும் புதிய வினாத்தாள், அதுவும் பெங்களூரிலேயே பூட்டி வைக்கப்படும். எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு, கண்காணிப்போடு. எட்டுக் குடும்பமும் இப்போதைக்கு அப்படியே. வெள்ளைப் பலகையைச் சார் தானே துடைத்தார். சிவப்பு மை முழுதாகப் போகவில்லை, வாலட்டைல் மட்டும் இன்னும் தெரிகிறது. ட்யூஷன் சென்டர் ஃபிளக்ஸைக் கழற்றிச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இதை எழுதியது நானா என்று பிற்கால நான் சந்தேகப்படலாம்.

பர்வீன் காலையிலிருந்து என்னையும் எதிர் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு எல்லோரும் டீக்குப் போயிருந்தபோது வளவன் கூப்பிட்டார். "உமையாள், சோதனை மெஷின் ஒண்ணு நின்னுபோச்சுங்க. பிழையும் சொல்ல மாட்டிக்கி, வேலையும் செய்ய மாட்டிக்கி. செத்த வந்து பாக்கீங்களா?"

போனேன். அவர் விசைப்பலகையின் விசைகள்மேல் சின்னச் சின்னத் தாள்களில் தமிழ் எழுத்துகள் ஒட்டியிருந்தன. பேனாவால் எழுதியவை. சில எழுத்துகள் கோணல். ஒட்டி நாலைந்து நாளாவது இருக்கும், ஓரங்கள் அழுக்காகியிருந்தன.

கறுப்புத் திரையில் ஒரு ஃபோல்டர் திறக்கச் சொல்லும் கட்டளை. அதன் பெயர் dkr'qyf.

அடுத்த வரியில் ஒரு சின்ன >, அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கும் கட்டம். உமையாளில் ய இருக்கிறது. மேற்கோள் திறந்திருந்தது. மீதியைச் சொல் என்று கணினி காத்திருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"காலையில இருந்து. பழைய நிலைக்குத் திரும்புத ஏற்பாட்டையும் இந்த மெஷினுக்கு நிறுத்திப்புட்டேன்." விசைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு குறி பாக்கி இருக்குன்னு தெரியுது. அதை நான் போடுதது முறையில்லன்னு விட்டுட்டேன்."

ரத்து செய்ய ஒரு வழி உண்டு. இரண்டு விசைகள், எல்லாம் மறைந்துவிடும். எங்கள் இருவருக்கும் தெரியும். கீழே கிரைண்டரை நிறுத்தியிருந்தார்கள் போல, மேசை நடுங்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். > பக்கத்தில் ஐந்து எழுத்துகளை அடித்தேன். எந்த ஐந்து என்று இங்கே எழுதத் தேவையில்லை, சுவரிலேயே எழுதியாயிற்று. மேற்கோளை மூடினேன். என்டர் தட்டினேன், இரண்டு பெயரும் ஒரே ஃபோல்டராயின.

கறுப்புத் திரை வழக்கம்போல உறுதியாகத்தானா என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.